சி மைனஸ் வாங்கின அறை

மூன்று வருடப் படிப்பில் எனக்குக் கிடைத்த ஒரேயொரு சி மைனஸ் இந்த அறையால் வந்ததுதான், பிள்ளை. வாங்கோ, உள்ளே வாங்கோ. சப்பாத்தைக் கழற்ற வேண்டாம், நிலம் குளிரும். கட்டிலில் இருங்கோ. மெத்தை போன வருடம் மாற்றினது.

இலக்கியா என்றுதானே சொன்னீங்கள்? நாமக்கல். நல்லது. நான் சுகிர்தா. ஊர் சாவகச்சேரி. ஸ்காபரோவில் எங்கட பக்கத்து ஆட்கள் நிறைய, தமிழுக்குக் குறையில்லை. நான் கதைக்கிறது விளங்குதுதானே? விளங்காவிட்டால் கேளுங்கோ. முந்தி ஒரு திருச்சிப் பிள்ளை அறை பார்க்க வந்தது. எல்லாத்துக்கும் “சரிங்க, சரிங்க” என்று தலையாட்டிப்போட்டு, போகும்போது வாசலில் நின்று “ஆன்ட்டி, அறை இருக்கா இல்லையா?” என்று கேட்டது.

ஆறுதலாகப் பாருங்கோ. என்ர மனுசன் ஐந்து மணிக்குத்தான் வருவார்.

நீங்கள் ஃபோனில் கட்டிடக்கலைத் தொழில்நுட்பம் என்று சொன்னவுடனே எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. அதே சமூகக் கல்லூரி, அதே படிப்பு. போன வருடம்தான் நான் முடித்தேன். நாற்பத்தாறு வயதில். பட்டமளிப்புக்கு அங்கி போட்டுப் படியேறும்போது பக்கத்தில் நின்ற பெடியன் என்னைப் பார்த்து, “உங்கட மகளோ மகனோ முடிக்கினம்?” என்று கேட்டான். நானும் பேச்சை வளர்க்காமல் “மகள்” என்று சொன்னேன்.

என்னைப் படிக்க வைத்தது இவர்தான். அதை நான் எங்கேயும் சொல்லுவேன். இவருக்கு வீடு திருத்துகிற தொழில். முக்கியமாக பேஸ்மென்ட். மேலே வீட்டுக்காரர் இருப்பினம். கீழே ஒரு சமையலறை, ஒரு குளியலறை, இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுவினம். அதுக்கு நகரசபையில் அனுமதி எடுக்க வேண்டும். அனுமதிக்கு வரைபடம் வேண்டும். வரைபடத்தில் கையெழுத்து வைக்கிறவருக்கு மாகாணம் கொடுக்கிற ஒரு நம்பர் வேண்டும். கட்டிடச் சட்டப் பரீட்சை எழுதினால்தான் அந்த நம்பர் வரும். முந்தி ஒரு ஈரான்காரர் செய்து தந்தவர். அவர் கல்கரிக்குப் போய்விட்டார். ஒரு நாள் சாப்பிடும்போது இவர் சொன்னார்:

“வெளியில ஆள் தேடுறதிலும் பார்க்க நீர் படிச்சால் என்ன, சுகி? வீட்டுக்குள்ளேயே ஒரு நம்பர் இருக்கும்.”

லண்டனில் இருக்கிற என்ர அக்கா கேட்டுவிட்டு அழுதா. எந்தப் புருஷன் இந்த வயதில் பெண்சாதியைப் படிக்க அனுப்புவான், நீ கொடுத்து வைத்தவள் என்று. உண்மைதானே. மூன்று வருடமும் காலையில் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டு, பின்னேரம் அதே வாசலில் வந்து ஏற்றினவர். ஒரு நாளும் பஸ்ஸில் போகவிட்டதில்லை. நீங்கள் இங்கேயிருந்து கல்லூரிக்கு எந்த பஸ் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வகுப்பு முடிந்து பத்து நிமிடம் பிந்தினால் ஃபோன் அடிக்கும். அவ்வளவு அக்கறை. ஒரு தரம் வகுப்பில் எல்லாரும் சேர்ந்து நகரத்துக்குள்ளே ஒரு பழைய தேவாலயத்தின் கூரையைப் பார்க்கப் போச்சினம். இவர், “கூரை எங்கட தொழிலுக்குத் தேவையில்லையப்பா, நாங்கள் கீழ்ப்பக்கம்தானே” என்றார். அதுவும் சரிதான்.

ஓம், சி மைனஸ். அதுக்குத்தான் வாறேன்.

இரண்டாம் பருவத்தில் ஹலீனா என்று ஒரு போலந்துக்காரி வருவா. உங்களுக்கும் அவதான். அறுபது வயதிருக்கும். தலைமயிரைப் பென்சிலால் குத்தி முடிந்திருப்பா. பிறகு வகுப்பு முழுக்கப் பென்சில் தேடுவா. ஜனவரியில் அவ ஒரு வேலை தருவா. நீங்கள் இருக்கிற வீட்டை நீங்களே அளந்து, இருக்கிறபடியே கீறிக் கொண்டு வரவேண்டும். இருக்கவேண்டியபடி இல்லை. இருக்கிறபடி. சுவர் கோணல் என்றால் கோணலாகக் கீற வேண்டும். ஒவ்வொரு சுவருக்கும் உள்ளேயிருந்து ஒரு படம், வெளியேயிருந்து ஒரு படம் எடுத்துச் சேர்க்க வேண்டும். “நான் உங்களுடைய ரசனைக்குப் புள்ளி போடவில்லை, உங்களுடைய கண்ணுக்குப் போடுகிறேன்” என்று முதல் நாளே சொல்லிவிடுவா.

நான் இந்த வீட்டை அளந்தேன். அப்போது இந்த அறையில் மரியதாஸ் அண்ணை இருந்தவர், போன மாதம்தான் விட்டுப் போனார். மன்னார்க்காரர். பாண் சுடுகிற பேக்கரியில் இரவு வேலை, பகலில் நித்திரை. தங்கமான மனுசன். நான் அளவுநாடாவோடு கதவைத் தட்டினபோது கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பி வந்து மற்ற நுனியைப் பிடித்தார். “என்ன தங்கச்சி, அறைக்குச் சட்டை தைக்கப் போறியோ?” என்று பகிடி.

அறை பத்தடிக்கு ஒன்பதே கால் அடி. மூன்று பக்கமும் அளந்தாச்சு. நாலாம் பக்கம், நீங்கள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிற பக்கம், இந்த நீலத் திரைச்சீலை. நல்ல வெளிச்சம் வருகுது, என்ன? பொறுங்கோ, பொறுங்கோ. விலத்த வேண்டாம். நான் சொல்லி முடிக்கிறேன்.

இந்த வீட்டை வாங்கின நேரம் அதில் ஒரு யன்னல் இருந்தது. நல்ல யன்னல். ஒரு ஆள் ஏறி வெளியே போகலாம். பிறகு மேலே சமையலறை சின்னதாக இருக்குது என்று இவர் பின்பக்கம் இழுத்துக் கட்டினார். கட்டினபோது அந்த யன்னலுக்கு வெளியே சமையலறையின் அத்திவாரம் வந்துவிட்டது. என்ன செய்கிறது? கல் வைத்து அடைத்து, உள்ளே பலகை அடித்துப் பூசிவிட்டார். ஆனால் யன்னல் இல்லாத அறையை ஆர் எடுப்பினம்? வருகிறவர்கள் எல்லாரும் முதல் கேள்வியே யன்னல் இருக்கோ என்றுதான். ஆனபடியால் கம்பி போட்டுத் திரைச்சீலை தொங்கவிட்டு, பின்னால் ஒரு வெள்ளை லைட் பட்டி ஒட்டி, அதுக்கு நேரம் வைக்கிற சுவிட்சும் பூட்டினார். காலையில் ஏழு மணிக்குத் தானாகப் பற்றும், பின்னேரம் ஆறு மணிக்குத் தானாக நிற்கும். இவருக்கு மூளை சரியான மூளை. மரியதாஸ் அண்ணைதான் ஒருக்கால் என்னிடம் வந்து சொன்னார்: “தங்கச்சி, உங்கட வீட்டுச் சூரியன் நான் படுக்கிற நேரம் பார்த்து உதிக்குது. கொஞ்சம் மாத்திவிட ஏலுமோ?” மாற்றிக் கொடுத்தோம். அதுக்குப் பிறகு அவர் இருக்கும் வரைக்கும் இந்த அறையில் இரவில்தான் விடிந்தது.

நான் கீறின வரைபடத்தில் அந்த இடத்தில் யன்னல் கீறினேன்.

பொய்யுக்குக் கீறவில்லை, பிள்ளை. இதை நீங்கள் நம்ப வேண்டும். ஹலீனா கடைசி வரை நம்பவில்லை. ஐந்து வருடமாக அந்தத் திரைச்சீலையைக் கழற்றித் தோய்த்து மாட்டுகிறது நான். பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. கம்பியைத் துடைக்கிறது நான். கணினிக்கு முன்னால் இருந்து கீறிக்கொண்டு வரும்போது அந்த இடத்தில் கை தானாகவே யன்னலை வைத்துவிட்டது. முப்பது அங்குலத்துக்கு இருபத்துநாலு. பழைய அளவு கூட மறக்கவில்லை. உள்ளே எடுத்த படத்தில் திரைச்சீலை வெளிச்சமாக நின்றது. வெளியே எடுத்த படத்தில் சமையலறைச் சுவர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

ஹலீனா என்னைக் கூப்பிட்டா. இரண்டு படத்திலும் பென்சிலை வைத்தா.

“சுகிர்தா, உள்ளே யன்னல் இருக்குது. வெளியே இல்லை. இந்த யன்னலைத் திறந்தால் நான் எங்கே போவேன்?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. காது சுட்டது.

“திரைச்சீலைக்குப் பின்னால் என்ன?”

“லைட்.”

அவ சிரிக்கவில்லை. கதவைச் சாத்தினா. கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டா. “இந்த அறையில் ஆராவது படுக்கிறார்களோ?” என்று கேட்டா. மெதுவாகத்தான் கேட்டா. “நீ ஓம் என்று சொன்னால் நான் நகரசபைக்குச் சொல்ல வேண்டியிருக்கும். தெரிந்துகொண்டு பேசாமல் இருக்க என்னால் ஏலாது.”

அந்த வகுப்பில் அதுக்கு முந்தின கிழமைதான் அதைப் படித்திருந்தோம். நிலத்துக்குக் கீழே ஆள் படுக்கிற இடத்தில் வெளியே போக ஒரு வழி வேண்டும். யன்னல் என்றால் எந்தப் பக்கமும் பதினைந்து அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஏன் பதினைந்து? ஒரு பெரிய மனுசருடைய தோள் அதுக்குள்ளால் போகவேண்டும். புகை வந்தால் எத்தனை நிமிடம் என்றும் படித்தோம். எனக்கு அந்தப் பாடத்தில் தொண்ணூற்றிரண்டு. வகுப்பில் அதுதான் கூட.

நான் சொன்னேன்: “ஒருத்தரும் படுக்கிறதில்லை. அது சாமான் அறை.”

“அப்படியென்றால் ஏன் கட்டில் நிற்குது?”

“கட்டிலும் சாமான்தானே.”

வரைபடத்தைத் திருப்பித் தந்து, யன்னலை அழித்து, சாமான் அறை என்று எழுதிக் கொண்டு வரச் சொன்னா. அழித்தேன். எழுதினேன். சி மைனஸ் போட்டா. கண்ணுக்குப் புள்ளி போடுகிறவவாம். என்ர வகுப்பில் ஒரு பெடியன் நாய்க்கூட்டை வீட்டைவிடப் பெரிதாகக் கீறினவன், அவனுக்கு பி பிளஸ். ஒரு திரைச்சீலைக்காக எனக்கு இது.

இவரிடம் சொன்னேன். “பாஸ்தானே, விடும்” என்றார்.

பிறகு நான் சும்மா இருக்கவில்லை. நானே இந்த அறைக்கு மூன்று வழி கீறினேன். ஒன்று, குளியலறையை இங்கே மாற்றிப்போட்டு, குளியலறை இருக்கிற பக்கத்துச் சுவரை வெட்டி யன்னல் வைத்து அந்த இடத்தை அறையாக்குகிறது. மற்றது, வெளியே நடைபாதைக்கு நேரே போகப் புதுக் கதவு. மூன்றாவதில் அறையே இல்லை, வெறும் சாமான் அறைதான். பத்து நாள் இருந்து கீறினேன். ஒவ்வொரு கோடும் தலைமயிர் மாதிரி. இவர் வடிவாகப் பார்த்தார். “என்னமாதிரிக் கீறியிருக்கிறீர்! அந்த ஈரான்காரனும் இப்பிடிக் கீறமாட்டான்” என்றார். காந்தம் வைத்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார். வருகிற ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டுவார், என்ர பெண்சாதி கீறினது என்று. மேலே போகும்போது பாருங்கோ, இப்பவும் இருக்குது. குளியலறையை உடைக்கிறதைப் பற்றிக் கேட்டேன். “அந்த மாபிள் நானே என்ர கையால் ஒட்டினது, சுகி” என்றார்.

இவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். குளிர் காலத்தில் மரியதாஸ் அண்ணைக்கு இருமல் வந்தால் இவர்தான் மல்லித்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பார். நெருப்பு, புகை என்று நான் தொடங்கினால், “இருபது வருடமாக இந்த ஊரில் எத்தனை பேஸ்மென்ட் கட்டியாச்சு, ஆர் செத்தது?” என்று கேட்பார். ஒருத்தரும் சாகவில்லைத்தான்.

இப்போது நம்பர் வந்துவிட்டது.

இதை நான் உங்களுக்கு மட்டும்தான் சொல்லுகிறேன். ஏப்ரலில் வந்தது. மின்னஞ்சலில். இன்னும் வரவில்லை என்று இவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பார்.

“நம்பர் வந்திட்டுதோ?”

“இல்லையப்பா. அரசாங்க அலுவல்தானே.”

“ஃபோன் எடுத்துக் கேட்டீரோ?”

“கேட்டனான்.”

மேலே அலுமாரிக்குள் பதினொரு வீட்டின் வரைபடம் சுருட்டிக் கிடக்குது, என்ர நம்பருக்காக. முதலாவது இந்த வீடு. இந்த அறையில் இவர் தன்னுடைய கையால் யன்னல் கீறி வைத்திருக்கிறார். முப்பதுக்கு இருபத்துநாலு. நான் கீறின அதே அளவு. எங்கே பார்த்தார் என்று கேட்டேன். “உம்முடைய கல்லூரி வேலையில இருந்துதான் எடுத்தனான். நல்லாத்தானே கீறியிருந்தனீர், பிறகு ஏன் அழிச்சனீர்?” என்றார்.

நகரசபையிலிருந்து பார்க்க வருகிற ஆளை இவருக்குத் தெரியுமாம். திரைச்சீலையை விலத்திப் பார்க்கிற ஆள் இல்லையாம். அப்படியும் சொன்னார். எனக்குத் தெரியாது. இந்த ஒன்றில் நம்பரைப் போட்டால் மற்றப் பத்திலும் போடவேண்டும். போடாவிட்டால் ஏன் படித்தீர் என்று கேட்பார். கேட்டால் என்ன சொல்லுவேன்? படிப்பித்தது அவர். இறக்கி ஏற்றினது அவர். இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை நான் இப்படிச் சொல்ல ஏலும்? டிசம்பரில் நத்தார் வரைக்கும் ஏலும் என்று நினைக்கிறேன். அதுக்கு மேலே கஷ்டம்.

நீங்கள் ஏன் எழும்பி நிற்கிறீங்கள்? இருங்கோ. பயப்பட ஒன்றுமில்லை. வேறு இடம் பார்த்தீங்களோ? ஐந்து பேரோடு ஒரு வீட்டு வரவேற்பறையில் படுக்கிறீங்கள் என்று ஃபோனில் சொன்னீங்கள். வருகிற செவ்வாய் வகுப்புத் தொடங்குது. இந்தக் கிழமையில் உங்களுக்கு ஆர் அறை தருவினம்? இங்கே சூடு இருக்குது, கதவுக்குப் பூட்டு இருக்குது, சாப்பாடு மேலேயிருந்து வரும். புகை மணிக்கு மாதம் மாதம் நான்தான் பற்றரி மாற்றுகிறேன். இரவில் மட்டும் அறைக் கதவைப் பூட்டாதீங்கோ. சாத்துங்கோ, பூட்ட வேண்டாம்.

சரி, எழும்பினது நல்லதுதான். ஒன்று செய்வோம். கண்ணை மூடுங்கோ. ஓம், மூடுங்கோ. மரியதாஸ் அண்ணைக்கும் செய்வித்தேன். அவர் சிரித்துச் சிரித்துத்தான் செய்தவர். இது ஒரு பழக்கம், அவ்வளவுதான். கட்டிலின் கால்மாட்டில் இருந்து இடது கையால் சுவரைத் தொடுங்கோ. குனியுங்கோ, இன்னும் குனியுங்கோ, புகை மேலே நிற்கும். நடவுங்கோ. ஆறு எட்டு வைத்தால் கதவு. இது கதவு. வலது பக்கம் சூடாக இருக்குதோ? அது ஃபர்னஸ், முழு வீட்டையும் சூடாக்குகிறது. அதைத் தொடாமல் சுவரோடேயே வாங்கோ. நாலு, ஐந்து... உடுப்புத் தோய்க்கிற மெஷின். ஒன்பது. இதில் படி தொடங்குது. பதினொரு படி ஏறினால் பக்கத்துக் கதவு, வெளியே. கண்ணைத் திறக்கலாம்.

இருபத்திரண்டு வினாடி. பரவாயில்லை. மரியதாஸ் அண்ணை பதினான்கில் போவார், ஆனால் அவருக்கு மூன்று வருடப் பழக்கம். நீங்கள் ஒரு கிழமை செய்து பாருங்கோ, குறையும். வாங்கோ, திரும்ப அறைக்குள்ளே போவோம்.

ஃபர்னஸ்ஸில் நெருப்புப் பிடித்தால் என்ன செய்கிறது என்று கேட்கிறீங்கள். ஹலீனா வகுப்பில் எங்களிடமும் அதைத்தான் கேட்டா. நீங்கள் கெட்டிக்காரி. முதல் கேள்வியே அதுதான். அதுக்குத்தான் நான் அறை கேட்டு ஃபோன் எடுத்த மற்ற மூன்று பேருக்கும் அறை போய்விட்டது என்று சொன்னேன். ஒருவர் கணக்கியல், ஒருவர் சமையல் படிக்கிறவர், மற்றது ஒரு தாதிப் பிள்ளை. அவைக்கு இந்தச் சுவரைப் பார்த்தால் திரைச்சீலை மட்டும்தான் தெரியும்.

செப்டம்பர், ஒக்டோபர், நவம்பர், டிசம்பர். நாலு மாதம்தான், பிள்ளை. ஜனவரியில் ஹலீனா அந்த வேலையைத் தருவா. நீங்கள் இருக்கிற வீட்டை நீங்கள் அளப்பீங்கள். இருக்கிறபடியே கீறுவீங்கள். ஆராவது படுக்கிறார்களோ என்று அவ கேட்பா. நீங்கள் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுவீங்கள். நான் ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை, சொல்லவேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதில் எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. என்ர பெயர் எங்கேயும் வராது, என்ன? உங்களுக்கும் ஒரு வேலை முடிந்த மாதிரி. நல்ல புள்ளி போடுவா. இந்த அறைக்கு ஏ கிடைக்கும், நான் எழுதித் தருவேன்.

எனக்கு ஒரு பிள்ளையைப் படிக்க உதவி செய்த மாதிரியும் இருக்கும்.

அதென்ன சத்தம்? இவருடைய வான் வாசலில் நிற்குது. இன்றைக்கு நேரத்தோடு வந்துவிட்டார். இறங்கி இங்கேதான் வருவார். புது ஆளை ஒருக்கால் பார்க்காமல் விடமாட்டார்.

இதில் நில்லுங்கோ, திரைச்சீலைப் பக்கம் பார்க்க வேண்டாம். என்ன படிக்கிறீங்கள் என்று கட்டாயம் கேட்பார், எல்லாரிடமும் கேட்கிறவர். நர்சிங் என்று சொல்லுங்கோ. அப்படியென்றால் எனக்கு ஊசி போட்டுவிடுவீங்களோ என்று ஒரு பகிடி விடுவார்.

சிரியுங்கோ, பிள்ளை.